பாஸ்போர்ட்டோடு கூடவே வரும் வரி

கோவையில் என் அக்காள் மகள் மியூச்சுவல் ஃபண்டில் முதன்முதலாகப் பணம் போட்டபோது நிரப்பிய படிவத்தில் 'பிறந்த நாடு' என்றொரு கட்டம் இருந்தது. அமெரிக்கா என்று எழுதினாள். அடுத்த வரியில், இந்தியாவைத் தவிர வேறு எந்த நாட்டுக்காவது நீங்கள் வரி செலுத்தக் கடமைப்பட்டவரா என்ற கேள்வி. இல்லை என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பொய் சொல்லும் எண்ணம் அவளுக்குத் துளியும் கிடையாது. அப்பாவுக்கு நியூஜெர்சியில் வேலை இருந்த காலத்தில் பிறந்து, மூன்று வயதில் ஊருக்கு வந்தவள். படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் கோவையில். அந்த நாட்டிலிருந்து ஒரு காசு வாங்கியதில்லை. அவளிடம் இருப்பது ஒரு நீல நிற அமெரிக்கப் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டையும்தான். ஆனால் அந்தப் பாஸ்போர்ட் இருக்கிறவரை அந்தக் கேள்விக்குச் சரியான விடை 'ஆம்'.

இதைச் சொன்னால் நம்மூரில் யாரும் எளிதில் நம்புவதில்லை. சம்பாதிக்கும் இடத்தில் வரி கட்டுகிறோம், குடியிருக்கும் இடத்தில் கணக்குக் காட்டுகிறோம், இதுதான் நமக்குத் தெரிந்த நியாயம். இந்தியச் சட்டமும் பெரும்பாலும் அப்படித்தான் போகிறது. ஓராண்டில் எத்தனை நாள் இங்கே இருந்தீர்கள் என்பதுதான் அதற்கு முக்கியம். அமெரிக்கா நாள் கணக்கோடு நிறுத்தாமல் குடியுரிமையையும் பார்க்கிறது. அதன் குடிமக்கள் உலகின் எந்த மூலையில் எதைச் சம்பாதித்தாலும் ஆண்டுதோறும் அந்நாட்டு வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் கணக்குக் காட்ட வேண்டும். இந்த வழக்கத்தின் வேர் 1860-களின் உள்நாட்டுப் போர்க்கால வரிச் சட்டங்களில் இருக்கிறது. இன்று இதற்கு இணையாகச் சொல்லக்கூடிய இன்னொரு நாடு எரித்ரியா. வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் அது 2 சதவீதம் கேட்கிறது.

இது நியாயமா என்ற கேள்வி நூறாண்டுகளுக்கு முன்பே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. மெக்சிகோ நகரில் குடியிருந்த குக் என்ற அமெரிக்கர், அங்கே இருந்த சொத்திலிருந்து அங்கேயே சம்பாதித்த 1921-ஆம் ஆண்டு வருமானத்துக்குத் தன்னிடம் 1,193 டாலர் வரி கேட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1924-இல் தீர்ப்பு வந்தது. குடிமகன் எங்கே இருந்தாலும் அரசின் பாதுகாப்பு அவனுக்கு நன்மை தருகிறது, எனவே அரசு அவனிடம் வரி கேட்கலாம் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு இன்றுவரை நிற்கிறது. பிரிட்டனின் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் நியூயார்க்கில் பிறந்தவர். லண்டனில் இருந்த தன் வீட்டை விற்றதற்கு அமெரிக்கா வரி கேட்கிறது என்று 2014-இல் வெளிப்படையாகக் கொதித்தவர், கடைசியில் அந்தக் குடியுரிமையையே விட்டுவிட்டார்.

இவ்வளவையும் கேட்டதும் எல்லோருக்கும் வரும் முதல் பயம், ஒரே சம்பளத்துக்கு இரண்டு முறை வரியா என்பது. சம்பளத்தைப் பொறுத்தவரை இந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லை. என் அக்காள் மகளின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18 லட்சம் சம்பளம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் இங்கே அவள் கட்டும் வரி சுமார் 1 லட்சத்து 51 ஆயிரம் ரூபாய். டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் அவள் சம்பளம் ஏறக்குறைய 20,450 டாலர். அதில் 2025-க்கான நிலையான கழிவு 15,750 டாலர் போக, மிச்சத்துக்கு அமெரிக்க வரி 470 டாலர், அதாவது நம் பணத்தில் 41 ஆயிரம் சொச்சம். இந்தியாவில் கட்டிய வரியை அங்கே வரவாகக் காட்டி, கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பதால் இந்த 41 ஆயிரமும் பூஜ்யமாகிவிடுகிறது. பயன்படாமல் மீந்த வரவை அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லவும் சட்டம் இடம் தருகிறது. படிவம் 1116 என்பது இதற்கானது.

இன்னொரு வழியும் உண்டு. வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் 2025-ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை கணக்கிலிருந்தே விலக்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு மாதத்தில் 330 நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருப்பது அதற்கான தகுதிகளில் ஒன்று. பார்வைக்கு இதுதான் எளிது என்பதால் பலர் யோசிக்காமல் இதில் இறங்கிவிடுகிறார்கள். இந்தியாவில் நல்ல சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முந்தைய வழியே மேல் என்பது என் கருத்து. இங்கே வரி விகிதம் ஏற்கெனவே அதிகம், ஆகவே வரவு தாராளமாகக் கிடைக்கிறது. சம்பளம் முழுவதையும் விலக்கிவிட்டால் அமெரிக்க ஓய்வூதியக் கணக்கான ஐ.ஆர்.ஏ.வில் பணம் போடும் தகுதி போய்விடும், குழந்தைகளுக்கான வரிச் சலுகையைக் கையில் திரும்பப் பெறும் வாய்ப்பும் போய்விடும். ஒருமுறை இந்த விலக்கைத் தேர்ந்து பிறகு கைவிட்டால், சிறப்பு அனுமதி இல்லாமல் ஐந்தாண்டுகளுக்கு அதற்குத் திரும்பவும் முடியாது. துபாய் போல வருமான வரியே இல்லாத ஊரில் வேலை பார்க்கிற அமெரிக்கருக்கு இந்த விலக்கு உயிர்மூச்சு. கோவையில் இருப்பவருக்கு அப்படியல்ல.

இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரியைத் தவிர்க்கும் ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, 1989-இல் கையெழுத்தானது. ஆனால் அதன் முதல் பிரிவிலேயே, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் தன் குடிமக்களுக்குத் தன் சட்டப்படியே வரி விதிக்கும் உரிமையை அமெரிக்கா தக்கவைத்துக்கொண்டிருக்கிறது. சில வகை வருமானங்கள் மட்டும் இதற்குத் தப்புகின்றன. அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் அவற்றில் முக்கியமானது. அதற்கு வரி போடும் உரிமை அமெரிக்காவுக்கு மட்டுமே என்று ஒப்பந்தம் சொல்கிறது. பணி ஓய்வு பெற்று மயிலாப்பூருக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ திரும்பிய பெரியவர்கள் பலர் இது தெரியாமல் அதையும் இந்திய வருமானத்தோடு சேர்த்துக் காட்டிவிடுகிறார்கள்.

ஆக, வரி பெரிய ஆபத்தல்ல. ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று காகிதம், மற்றது முதலீடு. ஒரே கணக்கை இரண்டு அரசுகள் இரண்டு கண்ணாடி போட்டுப் பார்க்கின்றன என்பதுதான் இந்த விஷயம் முழுவதற்கும் சாவி.

காகிதத்தை முதலில் பார்ப்போம். 1970-இல் வந்த ஒரு சட்டம், வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் இருப்பவை எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்கக் கருவூலத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. எஃப்பார் என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள். 10,000 டாலர் என்றால் ஏறக்குறைய 9 லட்ச ரூபாய். சேமிப்புக் கணக்கு, ஃபிக்சட் டெபாசிட், டீமேட், ஃபண்டு எல்லாம் தனித்தனியாக வரும், ஒவ்வொன்றிலும் அந்த ஆண்டில் இருந்த உச்சத் தொகையைக் கூட்ட வேண்டும். சேமிப்பிலிருந்து 6 லட்சத்தை எடுத்து டெபாசிட்டாகப் போட்டால் அதே 6 லட்சம் இரண்டு இடத்திலும் உச்சமாகத் தெரியும். பணம் அவ்வளவுதான் இருந்தது என்றாலும் கூட்டுத்தொகை 12 லட்சமாகிவிடும், தெரிவிக்கும் கடமையும் வந்துவிடும்.

என் அக்காள் மகளுக்கு நேர்ந்தது இதைவிட நுட்பமானது. அவளுடைய அம்மா, அதாவது என் அக்காள், ஓய்வு பெற்ற ஆசிரியை. பணிக்கொடையாக வந்த பணம் வங்கியில் கிடக்கிறது. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மகளின் பெயரையும் சேர்த்து, இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக வைத்திருந்தார். நம் வீடுகளில் இது அன்றாட வழக்கம். மகள் அதிலிருந்து ஒரு ரூபாய் எடுத்ததில்லை. ஆனாலும் பெயர் இருக்கிறது, எடுக்கும் அதிகாரம் இருக்கிறது. ஆகவே அந்தக் கணக்கும் டெபாசிட்டுகளும் முழுத் தொகையோடு அவளுடைய எஃப்பாரில் வந்தாக வேண்டும். இதற்கு வரி கிடையாது, வெறும் தகவல்தான். ஆனால் தகவல் தராமல் விட்டதற்கான அபராதம், வேண்டுமென்றே செய்யாத தவறாக இருந்தால்கூட, ஓர் அறிக்கைக்கு 10,000 டாலரில் தொடங்கிப் பணவீக்கத்தோடு ஏறிக்கொண்டே போகும் உச்சவரம்பு கொண்டது.

அறிக்கைக்கா, கணக்குக்கா என்பதிலும் ஒரு பெரிய வழக்கு நடந்தது. ருமேனியாவில் வாழ்ந்த பிட்னர் என்ற அமெரிக்கருக்கு ஐந்தாண்டு அறிக்கைகளில் 272 கணக்குகளைச் சேர்த்து, கணக்குக்கு 10,000 வீதம் 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர் அபராதம் போட்டது ஐ.ஆர்.எஸ். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அபராதம் அறிக்கைக்குத்தான், கணக்குக்கு அல்ல என்று தீர்ப்பளித்தது. தொகை 50,000 டாலராகக் குறைந்தது. ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கலக்கமாக இருக்கிறது.

முன்பெல்லாம் இதைச் செய்யாமல் விட்டவர்களை யாரும் கண்டுபிடிப்பதில்லை. 2010-இல் வந்த ஃபாட்கா சட்டம் அந்தக் காலத்தை முடித்துவைத்தது. உலகெங்கும் உள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தம்மிடம் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்கர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அமெரிக்காவிலிருந்து அவற்றுக்குப் போகும் பணத்தில் 30 சதவீதம் பிடிக்கப்படும். 2015 ஜூலையில் இந்தியாவும் இதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. என் அக்காள் மகள் நிரப்பிய படிவத்தில் இருந்த அந்தக் கேள்வி அங்கிருந்துதான் வந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் முதலீட்டை இங்குள்ள பல ஃபண்டு நிறுவனங்கள் ஏற்காமல் விட்டதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். வெளிநாட்டில் வாழ்கிறவருக்கு, தனியராக இருந்தால், ஆண்டு இறுதியில் 2 லட்சம் டாலருக்கு மேல் நிதிச் சொத்து இருக்கும்போது படிவம் 8938 என்று இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். நேரடியாக உங்கள் பெயரில் இருக்கும் நிலம், வீடு, பீரோவில் இருக்கும் நகை இவையெல்லாம் இந்த இரண்டு அறிக்கைகளிலும் வராது. அந்த வகையில் நம் பாட்டிமார்களின் சேமிப்பு முறை பாதுகாப்பானது.

இனி முதலீடு. வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: குடியிருக்கும் நாட்டின் மியூச்சுவல் ஃபண்டை வாங்காதீர்கள்.

காரணம் 1986-இல் இயற்றப்பட்ட ஒரு வரிச் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க ஃபண்டுகள் தம் வருமானத்தையும் லாபத்தையும் ஆண்டுதோறும் முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன, அவர்களும் அந்தந்த ஆண்டே வரி கட்டுகிறார்கள். வெளிநாட்டு ஃபண்டுகளில் போட்டு, லாபத்தை உள்ளேயே வளரவிட்டு, வரியைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பணக்காரர்களைப் பிடிக்க அந்தச் சட்டம் வந்தது. செயலற்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் என்று ஒரு வகையை அது உருவாக்கியது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பிஃபிக் என்பார்கள். ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வருமானத்தில் முக்கால் பங்கு வட்டி, ஈவுத்தொகை போன்றவையாக இருந்தாலோ, சொத்தில் பாதி அப்படிப்பட்ட வருமானத்துக்கானதாக இருந்தாலோ அது பிஃபிக். இந்தியாவின் மியூச்சுவல் ஃபண்டும், பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டான இ.டி.எஃப்.பும் இலக்கணம் பிசகாமல் இதில் பொருந்துகின்றன. லிக்விட் ஃபண்டு, கோல்டு இ.டி.எஃப். எதுவும் விலக்கல்ல. மாதம் 5,000 ரூபாய் போடும் இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பிடிக்க இந்தச் சட்டத்தை யாரும் எழுதவில்லை. ஆனால் அது அவளைப் பிடிக்கிறது.

எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 டாலர் மதிப்புள்ள யூனிட்டுகளை வாங்கி, ஐந்தாண்டு வைத்திருந்து 2,000 டாலருக்கு விற்கிறாள். லாபம் 1,000. வேறு தேர்வு எதுவும் செய்திராவிட்டால், சட்டம் இந்த லாபத்தை ஐந்தாண்டுக்கும் சமமாகப் பரப்புகிறது, ஆண்டுக்கு 200. விற்ற ஆண்டின் 200-க்கு அவளுடைய வழக்கமான விகிதமான 10 சதவீதம், அதாவது 20 டாலர். முந்தைய நான்காண்டுகளின் 800 டாலருக்கு, அவள் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், அந்தந்த ஆண்டின் உச்ச விகிதம். இப்போது அது 37 சதவீதம், ஆக 296 டாலர். அதோடு முடியவில்லை. அந்த வரியை அந்தந்த ஆண்டிலேயே கட்டாமல் தாமதித்ததாகக் கருதி ஒவ்வொன்றுக்கும் கூட்டு வட்டி. இந்தியாவில் கட்டும் மூலதன ஆதாய வரியை ஓரளவு வரவு வைக்கலாம், ஆனால் இந்த வட்டிக்கு வரவு கிடையாது. இதே பணத்தை அவள் அமெரிக்காவில் பதிவான, பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு இதே லாபம் பார்த்திருந்தால்? அவளுடைய வருமான நிலையில் நீண்டகால ஆதாயத்துக்கு அமெரிக்க வரி பூஜ்ய சதவீதம்.

இப்போது மாதத் தவணையில் ஃபண்டு வாங்கும் எஸ்.ஐ.பி.யை நினைத்துப் பாருங்கள். மூன்று ஃபண்டுகளில் மாதந்தோறும் போட்டு வந்தால் ஐந்தாண்டில் 180 கொள்முதல்கள். ஒவ்வொரு தவணையும் தனிக் கொள்முதல், ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி, அந்தத் தேதியின் டாலர் மதிப்பு, தனியாகப் பரப்பும் கணக்கு. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனியாகப் படிவம் 8621. மொத்த மதிப்பு 25,000 டாலருக்குள் இருந்து, விற்காமலும் பெரிதாக எதுவும் பெறாமலும் இருந்தால் ஆண்டுதோறும் அந்தப் படிவம் தேவையில்லை. விற்கும் நாளில் அது தப்பாமல் வந்து நிற்கும்.

தப்பிக்கும் வழி இருக்கிறதா என்றால், அரைகுறையாக இருக்கிறது. ஃபண்டு நிறுவனம் அமெரிக்க முறைப்படி ஆண்டுக் கணக்கு தந்தால், அதை வைத்து ஆண்டுதோறும் வரி கட்டிவரும் ஒரு தேர்வைச் செய்யலாம். இந்திய நிறுவனங்கள் பொதுவாக அப்படித் தருவதில்லை. இல்லையென்றால், விற்காவிட்டாலும் ஆண்டுதோறும் ஏறிய மதிப்பைச் சாதாரண வருமானமாகக் காட்டி வரி கட்டிவரலாம். வாங்கிய முதல் ஆண்டிலேயே இதைத் தொடங்கினால் வட்டிச் சுமை வராது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தாமதிக்காமல் விற்றுவிடுவதே நல்லது. லாபம் ஏற ஏற, ஆண்டுகள் கூடக் கூட, கணக்கு மோசமாகிக்கொண்டே போகும்.

பிற சேமிப்புகளில் இவ்வளவு கொடுமை இல்லை. ஆனால் கண்ணாடி மாறும். பி.பி.எஃப். வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, அமெரிக்காவில் உண்டு. அமெரிக்காவில் இருந்தபடி இங்கே, வெளிநாட்டுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கில் டெபாசிட் போட்டு, வரியில்லாத வட்டி என்று மகிழ்ந்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அந்த வட்டி முழுவதும் அமெரிக்கக் கணக்கில் வந்தாக வேண்டும். ஆயுள் காப்பீட்டு எண்டோமென்ட் பாலிசியின் முதிர்வுத் தொகைக்கும் இதே நிலைதான். இந்தியா விலக்குத் தருகிற லாபத்தை அமெரிக்கா கேட்கக்கூடும், பாலிசியின் சரண் மதிப்பையும் எஃப்பாரில் காட்ட வேண்டும்.

கண்ணாடி எதிர்ப்பக்கமும் மாறும். அமெரிக்காவின் 401(கே), ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வூதியக் கணக்குகளில் உள்ளே வளரும் பணத்துக்கு எடுக்கும்போதுதான் அங்கே வரி. இந்தியாவோ ஆண்டுதோறும் கேட்கலாம் என்ற நிலை இருந்தது. 2021-இல் வருமான வரிச் சட்டத்தில் 89ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எடுக்கும்போது வரி கட்டினால் போதும் என்ற விருப்பத் தேர்வைக் கொடுத்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளின் ஓய்வூதியக் கணக்குகளுக்கு இது பொருந்தும். ஊர் திரும்பியவர்களுக்குக் கிடைத்த உருப்படியான நிவாரணம் என்று இதைத் தயங்காமல் சொல்வேன். அமெரிக்காவில் எடுக்கும்போதும் வரியில்லாத ராத் என்ற வகை ஓய்வூதியக் கணக்குக்கு இந்தியச் சட்டத்தில் தனி இடம் இல்லை. அதை எப்படிக் காட்டுவது என்பதில் ஆடிட்டர்களே ஒத்த கருத்தில் இல்லை.

இருபது ஆண்டு அங்கே இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கு ஒரு பொன்னான இடைவெளி இருக்கிறது, பலர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். திரும்பிய முதல் இரண்டு, சில சமயம் மூன்று நிதியாண்டுகளுக்கு இந்தியச் சட்டம் அவர்களைக் குடியிருப்பாளர் என்றாலும் சாதாரணக் குடியிருப்பாளர் அல்லர் என்று வைத்திருக்கிறது. முந்தைய பத்தாண்டில் ஒன்பதில் வெளிநாட்டு வாசியாக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழாண்டில் 729 நாளுக்கு மேல் இங்கே இராவிட்டாலோ இந்தத் தகுதி. அந்தக் காலத்தில் அவர்களுடைய வெளிநாட்டு வருமானத்தை, இங்கிருந்து நடத்தும் தொழிலின் வருமானமாக இல்லாதவரை, இந்தியா தொடாது. லாபத்தில் இருக்கும் அமெரிக்கப் பங்குகளை விற்று அன்றே திரும்ப வாங்கினால் இந்தியக் கணக்கில் கொள்முதல் விலை புதிதாகிவிடும். பழைய ஐ.ஆர்.ஏ.வை ராத் கணக்காக மாற்றுவதென்றால் அதையும் அப்போதே செய்யலாம். இரண்டுக்கும் அமெரிக்க வரி மட்டும்தான். இடைவெளி முடிந்தபின் இந்தியாவும் தன் பங்கைக் கேட்கும். இந்தியக் கணக்குத் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலும் தொடங்கும். அதை விட்டுவிட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்ச ரூபாய் அபராதம் விழலாம். எஃப்பாரைக் கொடுமை என்கிறவர்கள் நம் சட்டத்தின் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

வீட்டு விஷயத்தில் டாலர் இன்னொரு விளையாட்டு காட்டுகிறது. அமெரிக்கக் கணக்கில் வாங்கிய விலை வாங்கிய நாளின் டாலரில், விற்ற விலை விற்ற நாளின் டாலரில். 2010-இல் டாலர் 45 ரூபாயாக இருந்தபோது 60 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை, 83 ரூபாயாக இருக்கும்போது 1 கோடியே 20 லட்சத்துக்கு விற்றால் நம் கணக்கில் லாபம் 60 லட்சம். அமெரிக்கக் கணக்கில் 1,33,333 டாலர் 1,44,578 டாலராகியிருக்கிறது, லாபம் 11 ஆயிரம் சொச்சம்தான். இது சாதகம். ஆனால் அந்த வீட்டுக்கு 40 லட்சம் கடன் வாங்கி, அதை 83 ரூபாய் விலையில் மொத்தமாக அடைத்திருந்தால், 88,889 டாலர் கடனை 48,193 டாலரில் தீர்த்ததாக அமெரிக்கா பார்க்கிறது. மிச்சமான 40 ஆயிரத்துச் சொச்சம் டாலர் வரிக்குரிய வருமானம். கையில் ஒரு காசு வராமலே வரும் வருமானம் இது.

பெற்றோர் வழிச் சொத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனுக்கோ மகளுக்கோ உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் பத்திரம் எழுதிவிடுகிறோம். நாளை சண்டை வராது, பதிவுச் செலவும் குறைவு என்ற நல்ல எண்ணம். அமெரிக்கச் சட்டப்படி, உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் கொடுத்தவர் வாங்கிய பழைய விலைதான் பெற்றுக்கொண்டவருக்கும் அடக்க விலை. உயில் மூலம் வந்தால் இறந்த நாளின் சந்தை மதிப்பு அடக்க விலையாகிறது. 1975-இல் சில ஆயிரத்துக்கு வாங்கிய மனைக்கு இந்த வேறுபாடு பெரிய தொகை. இந்தியாவோ எப்படி வந்தாலும் முந்தைய உரிமையாளரின் விலையை, அல்லது 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை எடுத்துக்கொள்கிறது. பத்திரம் எழுதுவதற்கு முன் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கொடையாகவோ வாரிசாகவோ ஓராண்டில் 1 லட்சம் டாலருக்கு மேல் வந்தால் படிவம் 3520-இல் தெரிவிக்க வேண்டும் என்பதும் உண்டு. வரி இல்லை. தெரிவிக்காவிட்டால் வந்த தொகையில் 25 சதவீதம் வரை அபராதம் போகலாம்.

சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் உட்கார்ந்து ஆலோசகராக வேலை செய்யும் அமெரிக்கர், நிகர வருமானம் 400 டாலரை எட்டினாலே, 15.3 சதவீதம் சமூகப் பாதுகாப்பு வரி கட்ட வேண்டும். மேலே சொன்ன விலக்கோ வரவோ இதற்குப் பொருந்தாது. ஜெர்மனி, ஜப்பான், பிரிட்டன் போன்ற நாடுகளோடு இதற்கென உடன்பாடு இருக்கிறது. இந்தியாவோடு இல்லை. இந்தியா பல ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்கவில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஊர் திரும்பி, அட்டை காலாவதியாகிப் பெட்டிக்குள் கிடந்தாலும், முறைப்படி ஒப்படைக்காதவரை வரிச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் அமெரிக்கக் குடியிருப்பாளர்தான். கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தனிக் கணக்கு. வெளிநாட்டுச் சம்பள விலக்கை அந்த மாநிலம் ஏற்பதில்லை. அங்கிருந்து கிளம்பும்போது குடியிருப்பை முறையாக முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பின் எங்கேதான் பணத்தைப் போடுவது? இந்தியாவில் வாழும் அமெரிக்கருக்கு எளிய விடை, வங்கி டெபாசிட், நேரடியாக வாங்கும் நிறுவனப் பங்குகள், குடியிருக்க ஒரு வீடு. தொழில் நடத்தும் நிறுவனத்தின் பங்கு பொதுவாக பிஃபிக் ஆகாது. பரவலான முதலீடு வேண்டுமென்றால் அமெரிக்காவில் பதிவான இண்டெக்ஸ் ஃபண்டு. ஆனால் வெளிநாட்டு முகவரி கொண்டவர்களின் கணக்கை வைத்துக்கொள்ள அங்குள்ள சில தரகு நிறுவனங்கள் மறுக்கின்றன. அதற்குப் பயந்து டெக்சாஸில் இருக்கும் மாமா வீட்டு முகவரியையே தொடர்ந்து கொடுத்துவருபவர்களை எனக்குத் தெரியும். அது வேண்டாம். வெளிநாட்டு வாசிகளை ஏற்கும் நிறுவனங்களும் இருக்கின்றன, ஊர் திரும்புவதற்கு முன்பே கேட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

என் அக்காள் மகளுக்குக் கடைசியில் கைகொடுத்தது ஐ.ஆர்.எஸ்.ஸே வைத்திருக்கும் ஒரு சமரச வழி. தெரியாமல் விட்டுவிட்ட வெளிநாட்டுவாழ் அமெரிக்கர்கள், கடைசி மூன்றாண்டு வரிக் கணக்கையும் ஆறாண்டு எஃப்பாரையும் தாக்கல் செய்து, ஏன் விட்டுப்போயிற்று என்பதைத் தன் சொந்த வார்த்தையில் எழுதிக் கையெழுத்திட்டால் அபராதம் கிடையாது. வரியும் வட்டியும் இருந்தால் அதை மட்டும் கட்ட வேண்டும். ஐ.ஆர்.எஸ். முதலில் கதவைத் தட்டிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். அந்த விளக்கத்தை அவள் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். மூன்று வயதில் விமானம் ஏறியதிலிருந்து தொடங்கியிருந்தாள்.

ஃபண்டுகளை விற்றாயிற்று. 180 வரிகள் கொண்ட அட்டவணை ஒன்று அதற்காகத் தயாரானது. நண்பர்கள் பலரும் குடியுரிமையையே விட்டுவிடு என்றார்கள். அதற்கான கட்டணத்தை அமெரிக்கா 2014-இல் 450 டாலரிலிருந்து 2,350 டாலராக ஏற்றியிருந்தது, பெரிய சொத்து உள்ளவர்களுக்கு வெளியேறும் வரியும் உண்டு. அவளுக்குத் தடை அதுவல்ல. அவளிடம் இந்தியக் குடியுரிமை கிடையாது. ஓ.சி.ஐ. என்பது குடியுரிமை ஆகாது. முதலில் இந்தியக் குடிமகளாகப் பதிவு பெற வேண்டும், இல்லையென்றால் எந்த நாடும் இல்லாதவளாக நிற்க நேரிடும். அதைப் பற்றி அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

போன மாதம் அம்மாவும் மகளும் வங்கிக்குப் போனார்கள். கூட்டுக் கணக்கிலிருந்து பெயரை எடுக்க இருவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மகளை ஒதுக்குகிறோமோ என்று என் அக்காளுக்கு உள்ளூர வருத்தம். கணக்கில் இணைதாரர் என்ற இடத்திலிருந்து அவள் பெயரை எடுத்து நாமினி என்ற இடத்தில் எழுதினார்கள். நாமினியாக மட்டும் இருப்பவர் எஃப்பாரில் காட்ட வேண்டியதில்லை. ஆண்டின் நடுவில் பெயரை எடுத்ததால், இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் அம்மாவின் பணிக்கொடை மகளின் அறிக்கையில் வரும்.